கால்கரிக்கு வாருங்கள், நிலத்தை விற்காமல் வாருங்கள்

தம்பி, கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதியான பி.ஆர். கையில் கிடைத்துவிட்டது, டொராண்டோவில் இருக்கும் மைத்துனர் “கால்கரிக்குப் போ, வாடகையும் வரியும் குறைவு” என்கிறார், திருத்துறைப்பூண்டியில் உள்ள மூன்று மா நஞ்சையை விற்றுவிட்டு மனைவி, மகளோடு ஜனவரியில் வந்து இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நீடாமங்கலத்துக்காரன். இங்கே கால்கரிக்கு வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

மைத்துனர் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் பாதி பழைய செய்தி. வரி குறைவுதான்: கடையில் மைத்துனர் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்காரர் 13 சதவீதம் வரி கட்டும் பொருளுக்கு, ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் நாங்கள் 5 சதவீதம் கட்டுகிறோம். 2022இல் மாகாண அரசே டொராண்டோவிலும் வான்கூவரிலும் ‘ஆல்பர்ட்டா அழைக்கிறது’ என்று விளம்பரம் வைத்துக் கூப்பிட்டது. வந்தார்கள். 2023இல் மட்டும் மாகாணத்தின் மக்கள்தொகை இரண்டு லட்சத்துக்கு மேல் கூடியது. 2021 கணக்கெடுப்பில் 42 லட்சத்துச் சொச்சம் இருந்தது 2025இல் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடும் பள்ளியும் மருத்துவரும் அந்த வேகத்தில் பெருகவில்லை. எங்கள் நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு அணையில் தண்ணீர் சுழித்து ஓடும்போதும் உங்கள் பக்கத்து வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர் நீங்கள். இங்கே புதிதாக வருகிறவர்தான் கடைமடை.

2024 ஜனவரியில் என் தங்கை மகனுக்கு வீடு பார்க்கப் போனோம். மைனஸ் 28 டிகிரி. வாடகைக்கு விடும் ஒரு பேஸ்மென்ட்டின், அதாவது வீட்டின் அடித்தளக் குடியிருப்பின், பக்கவாட்டுக் கதவில் எங்களுக்கு முன்பே ஒன்பது பேர் நின்றார்கள். ஒரு பெண் கைக்குழந்தையைக் கோட்டுக்குள் அணைத்து, அதன் உச்சந்தலை மட்டும் தெரியும்படி ஜிப்பை இழுத்துவிட்டிருந்தார். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு கேட்டார், கிரெடிட் ஸ்கோர் கேட்டார், முன்பு குடியிருந்த வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் கேட்டார். விமானத்திலிருந்து இறங்கி ஆறு நாளான பையனிடம் இவை எப்படி இருக்கும்? எட்டாவது வீட்டில்தான் இடம் கிடைத்தது, அதுவும் நான் ஜாமீன் கையெழுத்துப் போட்ட பிறகு. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆண்டுக்கு ஒரு முறைதான் வாடகையை ஏற்றலாம், ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இங்கே சட்டத்தில் வரம்பு கிடையாது.

பள்ளியும் அப்படித்தான். கூப்பிடு தூரத்தில் பள்ளி இருக்கும், இடம் நிரம்பியிருந்தால் வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்புவார்கள். எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி விடிவதற்கு முன்பே பஸ்ஸுக்கு நிற்கிறாள். குடும்ப மருத்துவர் கிடைக்கவும் நாளாகும்.

இனி நிலம். இதை மட்டும் அண்ணன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரின் செழிப்பு எண்ணெய் விலையோடு ஏறும், இறங்கும். 2014 கடைசியில் விலை சரிந்தது, 2015இல் எனக்கு வேலை போனது. எட்டு மாதம் சும்மா இருந்தேன். 2016 நவம்பரில் கால்கரியில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தாண்டியது. நான் வேலையில்லாமல் இருந்த மாதங்களில் அப்பா ஊரில் நிலத்தை ஒத்திக்கு வைத்து அனுப்பிய பணத்தில்தான் மூன்று மாத வீட்டுத் தவணையைக் கட்டினேன். அம்மா தொலைபேசியில் அதைச் சொல்லவே இல்லை. பிறகு தங்கை சொல்லித்தான் தெரிந்தது. மூன்று ஆண்டில் மீட்டோம். விற்றிருந்தால் அந்த விலைக்கு மறுபடி வாங்கியிருக்கவே முடியாது. குத்தகைக்கு விட்டுவிட்டு வாருங்கள்.

ஜனவரி வேண்டாம். மே மாதம் நீங்கள் மட்டும் வாருங்கள். ஆறு மாதச் செலவுக்குப் பணம் இருக்கட்டும். முதலில் எந்த வேலை கிடைத்தாலும் சேர்ந்து சம்பளச் சீட்டைக் கையில் வாங்குங்கள். வீடு அமைந்ததும் ஆகஸ்டில் அவர்களை அழைத்துக்கொள்ளலாம், செப்டம்பரில் பள்ளி தொடங்கும். மகளின் தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம்.

டிக்கெட் போட்டதும் தேதியை எழுதுங்கள். இப்போது எங்களோடு இருக்கும் தங்கை மகன் ஏப்ரலில் வேறு வீட்டுக்குப் போகிறான், எங்கள் பேஸ்மென்ட் அறை காலியாகத்தான் இருக்கும்.