கில்ட் தைக்கக் கொடுக்கும் முன்: செட்டா, ஸ்ட்ரைப்பா?

கேள்வி: அபர்டீனில் வேலை செய்கிறேன். ஜூன் மாதம் ஸ்காட்லாந்து நண்பன் ஒருவனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லோரும் கார்டன் டார்ட்டனில் (கார்டன் என்ற பெயருள்ள கட்டம்போட்ட கம்பளித் துணியில்) கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடை, உடுத்த வேண்டுமாம். வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாகவே தைத்துக்கொள்ளலாம் என்று கில்ட் தைப்பவரிடம் போனேன். "செட்டா, ஸ்ட்ரைப்பா? நைஃபா, பாக்ஸா? 8 கெஜமா, 4 கெஜமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். என்ன சொல்லட்டும்?

பதில்: அவசரப்பட்டு எதையாவது சொல்லாமல் வந்தது நல்லதாயிற்று. நைஃப் ப்ளீட் (ஒரே திசையில் படியும் மடிப்பு) வைத்த கில்ட்டில், இடுப்புப் பக்கம் உள்ளே மடிந்து கிடக்கும் உபரித் துணியைத் தைத்து முடித்ததும் வெட்டி எடுத்துவிடுவார்கள். விட்டுவைத்தால் முதுகுக்குக் கீழே உப்பிக்கொண்டு நிற்கும். வெட்டியபின் வேறு பாணிக்கு மாற்ற முடியாது.

அவர் அடுக்கிய கேள்விகளில் இருப்பது இரண்டே விஷயம். துணியை எப்படி மடிப்பது என்பது ஒன்று. நைஃப், பாக்ஸ் இரண்டும் அதற்கான விடைகள். மடித்தபின் டார்ட்டனின் எந்தப் பகுதி வெளியே தெரிய வேண்டும் என்பது இன்னொன்று. செட், ஸ்ட்ரைப் அதில் வரும். இவை ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை. இரண்டையும் முடிவு செய்துவிட்டால் கெஜக் கணக்கு தானாக வந்துவிடும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். உங்கள் கில்ட்டின் முகம் அதில்தான் இருக்கிறது. டார்ட்டனில் கோடுகளும் கட்டங்களும் ஒருமுறை முழுதாக ஓடி முடிந்து மறுபடி தொடங்கும் அளவுக்கு செட் என்று பெயர். செட்டுக்கு ப்ளீட் வைத்தால், மடிப்புகள் மூடியிருக்கும்போது பின்பக்கமும் முன்பக்கம் மாதிரியே முழு டார்ட்டனாகத் தெரியும். ஒவ்வொரு ப்ளீட்டும் முந்தையது விட்ட இடத்திலிருந்து டார்ட்டனைத் தொடர்ந்து காட்டும். ஸ்ட்ரைப்புக்கு வைத்தால் எல்லா ப்ளீட்டின் நடுவிலும் ஒரே கோடுதான் நிற்கும். முன்பக்கம் ஒரு துணி, பின்பக்கம் வேறு துணி என்று தோன்றும் அளவுக்கு வித்தியாசம் இருக்கும்.

ஸ்ட்ரைப் ராணுவ வழக்கம். ஒரு படைப்பிரிவில் ஒல்லியானவரும் இருப்பார், பருத்தவரும் இருப்பார். செட்டுக்கு வைத்தால் அளவுக்கு அளவு பின்பக்கத் தோற்றம் மாறும். ஸ்ட்ரைப்பில் ப்ளீட் எண்ணிக்கை கூடலாம், குறையலாம். அணிவகுப்பில் பின்னாலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே மாதிரி. பேக்பைப் வாசிக்கும் பைப் பேண்டுகள் பலவும் இதை விரும்புவதற்குக் காரணம் இதுதான். ராணுவத்தில் இல்லாதவர்கள் ஸ்ட்ரைப் வைக்கக்கூடாது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அப்படி விதி கிடையாது.

உங்கள் டார்ட்டனுக்கே வருகிறேன். 1793ல் கார்டன் டியூக்கின் படைக்காக, வில்லியம் ஃபோர்சைத் என்ற துணி உற்பத்தியாளர் பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் டார்ட்டனில் மஞ்சள் கோடு சேர்த்து மாதிரிகள் கொடுத்தார். கார்டன் டார்ட்டன் பிறந்தது அப்படி. நீலம், கறுப்பு, பச்சை என்று அடர்ந்த நிறங்கள். பச்சையின் நடுவே ஒற்றை மஞ்சள் கோடு. கார்டன் ஹைலேண்டர்ஸ் படைப்பிரிவு அந்த மஞ்சள் கோட்டுக்கே ப்ளீட் வைத்தது. அப்படி வைக்கும்போது வெளியே தெரிவது மஞ்சள் கோடும் அதன் இருபுறத்துப் பச்சையும் மட்டும். நீலமும் கறுப்பும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும். நின்றால் பின்பக்கம் பச்சையில் மஞ்சள் நிரை. நடக்கத் தொடங்கினால் ப்ளீட்டுகள் விரிந்து, உள்ளேயிருக்கும் நீலம் அடிக்கு அடி வெளியே வந்து மறையும். கார்டனுக்கு இதைவிடப் பொருத்தமான பாணி எனக்குத் தெரியவில்லை.

துணியை வைத்தே சோதித்துப் பார்த்துவிடலாம். கடையில் துணிச்சுருளை விரிக்கச் சொல்லி, ஒரு மஞ்சள் கோட்டை நடுவில் வைத்து ஓர் அங்குல அகலத்துக்கு ஐந்தாறு மடிப்பு கையாலேயே வைத்துப் பாருங்கள். அடுத்து அதையே செட்டுக்கு மடியுங்கள். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் எது பிடிக்கிறது என்று கண்ணே சொல்லிவிடும். கார்டனில் மஞ்சள் எடுப்பாக இருப்பதால் ஸ்ட்ரைப் சோபிக்கிறது. இப்படி ஒரு கோடு முன்னால் வராத டார்ட்டன்களுக்கு நான் செட்டையே சொல்வேன்.

இனி மடிப்பு. நைஃப் ப்ளீட்டில் எல்லா மடிப்பும் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று படியும். பாக்ஸில் ஒவ்வொரு மடிப்பின் இரு ஓரமும் எதிரெதிர்ப் பக்கம் உள்ளே போகும். பள்ளிச் சீருடைப் பாவாடையில் பார்த்திருப்பீர்கள். 1790களில் ப்ளீட்டைத் தைத்து நிறுத்திய முதல் கில்ட்டுகள் சுமார் 4 கெஜத்தில் பாக்ஸாகத்தான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்டன் ஹைலேண்டர்ஸ் நைஃபுக்கு மாறியது. பிறகு அதுவே பொதுவழக்கமாயிற்று. நடுவில் ஒரு பாக்ஸ் வைத்து, இருபக்கமும் வெளிநோக்கி நைஃப் வைக்கும் கிங்யூசி பாணியும் உண்டு. அழகானது, ஆனால் அரிது. உங்கள் தேவைக்கு வேண்டியதில்லை.

கெஜக் கணக்கு இப்படி. பின்பக்கம் 20 அங்குலம் என்றும் செட் 6 அங்குலம் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அங்குல நைஃப் ப்ளீட் 20 வரும். ஸ்ட்ரைப்புக்கு, ப்ளீட்டுக்கு ஒரு செட் வீதம் 120 அங்குலத் துணி. செட்டுக்கு வைத்தால் ஒவ்வொரு ப்ளீட்டும் ஓர் அங்குலம் முன்னேற வேண்டும். ஆகவே 7 அங்குலம் வீதம் 140. முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டைப் பகுதிகளுக்கும் சேர்த்து இன்னும் ஏறக்குறைய 60 அங்குலம். ப்ளீட்டின் அகலம் குறையவோ செட் பெரிதாகவோ ஆனால் 7, 8 கெஜத்தைத் தொட்டுவிடும். பாக்ஸுக்கு வெளியே தெரியும் அகலத்தைப்போல் மூன்று பங்கு துணி போதும்: பின்பக்கத்துக்கு 60, முன்பக்கத்துக்கு 60, ஆக மொத்தம் 4 கெஜத்துக்குள் முடியும். எடை குறைவு, வெயிலுக்கு இதம். ஆனால் நடையில் அந்த வீச்சு வராது.

ஒன்று கவனியுங்கள். 8 கெஜம் என்பது ஒற்றை அகலத் துணியின் கணக்கு. இரட்டை அகலத்தில் 4 கெஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாக்கி இணைத்தாலும் 8 கெஜ கில்ட்தான். விலை கேட்கும்போது எந்தக் கணக்கு என்று தெளிவாகக் கேளுங்கள்.

என் யோசனை: நைஃப் மடிப்பு, மஞ்சள் கோட்டுக்கு ஸ்ட்ரைப், கெஜத்துக்கு 13 அவுன்ஸ் அல்லது 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி. 10, 11 அவுன்ஸ் துணி ஜூனுக்குச் சுகமாகத் தோன்றும். ஆனால் அதில் மடிப்பு நிற்காது, காற்றில் பறக்கும். அதற்கு முன் நண்பனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மற்ற தோழர்களின் கில்ட்டுகள் செட்டுக்கு வைத்தவை என்றால், பின்னாலிருந்து எடுக்கும் படத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் வேறு டார்ட்டன்போல் தெரிவீர்கள்.

அளவு கொடுக்கும்போது ஜீன்ஸ் அளவைச் சொல்லாதீர்கள். கில்ட் தொப்புள் உயரத்தில் கட்டப்படுவது. கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவரை வரும். அந்த விளிம்பு துணியின் இயற்கைக் கரை, மடித்துத் தைப்பதில்லை. எனவே பிறகு நீளத்தை இறக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை.

போட்டுப் பார்க்கும் நாளில் மூன்று இடங்களைப் பாருங்கள். இடுப்பிலிருந்து கீழே ப்ளீட் தைத்திருக்கும் பகுதியில் ஒவ்வொரு ப்ளீட்டும் மேலே போகப்போகக் குறுகும். குறுகினாலும் மஞ்சள் கோடு நடுவை விட்டு நகரக்கூடாது. நேராக நிற்கும்போது கீழே ப்ளீட்டுகள் வாய் பிளக்காமல் மூடியிருக்க வேண்டும்; பிளந்தால் இடுப்பிலோ பிட்டத்திலோ அளவு இறுக்கம். குறுக்குக் கோடுகள் ப்ளீட்டுக்கு ப்ளீட் இடறாமல் ஒரே மட்டத்தில் ஓட வேண்டும்; ஒன்றில் நூலளவு ஏறி இறங்கியிருந்தாலும் அங்கேயே சொல்லி அந்த ப்ளீட்டை அவிழ்த்துத் தைத்துத் தரச் சொல்லுங்கள்.