கணவர் மிரட்டுகிறார் என்றால் கோர்ட்டில் அவசரப் பாதுகாப்பு ஆணை வாங்குவது எப்படி?

கேட்டிருப்பது இது: அக்காவைக் கணவர் அடித்து வீட்டைவிட்டு வெளியே தள்ளிவிட்டார். இப்போது தம்பி வீட்டில் இருக்கிறார், அங்கேயும் வந்து மிரட்டுகிறார். உடனே கோர்ட்டில் தடை வாங்க முடியுமா?

முடியும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதற்காகவே வந்தது. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விவாகரத்து வழக்கும் தேவையில்லை. அக்கா தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம், கணவர் ஊருக்கு அலைய வேண்டாம் (பிரிவு 27). அக்கா வெளியே வரப் பயந்தால் அவர் சார்பாக நீங்களே கொடுக்கலாம் (பிரிவு 12).

இன்று இரவே ஆபத்து என்றால் முதலில் 112. மகளிர் உதவி எண் 181. காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே டாக்டர் 'எப்படி ஆச்சு?' என்று கேட்கும்போது, கூட்டத்தில் வெட்கப்பட்டுப் பல பெண்கள் 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சொல் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும், பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையில் அதுதான் ஆயுதம். 'கணவர் அடித்தார்' என்று தெளிவாகச் சொல்லி, எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நகலும் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து மாவட்ட சமூக நல அலுவலகம். தமிழ்நாட்டில் பாதுகாப்பு அலுவலர் அங்கேதான் இருக்கிறார். நடந்ததைக் கேட்டுப் படிவம் 1-இல் குடும்ப வன்முறை அறிக்கை தயாரிப்பார், மனுவுக்கும் உதவுவார். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்றால் காத்திருக்க வேண்டாம். அந்த அறிக்கை இல்லாமலேயே பாதிக்கப்பட்டவர் நேராக நடுவரிடம் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? கோர்ட் வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.

இனிச் சொல்வதுதான் முக்கியம். மனு படிவம் 2-இல் இருக்கும். அதோடு படிவம் 3-இல் பிரமாணப் பத்திரம் வைத்து, பிரிவு 23-இன் கீழ், வழக்கு முடியும்வரை பாதுகாக்கும் இடைக்கால ஆணை வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும். அதைப் பார்த்து நடுவருக்குத் திருப்தி ஏற்பட்டால், கணவர் கோர்ட்டுக்கு வருவதற்கு முன்பே ஒருதலையாக ஆணை போடலாம். இதைக் கேட்காமல் விட்டால் வெறும் நோட்டீஸ் மட்டும் போகும், அக்காவுக்கு வாய்தா தேதிதான் கிடைக்கும். சட்டப்படி முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளுக்குள், மனு முடிய 60 நாள். நடைமுறையில் மாதக்கணக்கில் இழுப்பதுண்டு. அதனால்தான் இடைக்கால ஆணையை விடவே கூடாது என்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தில் 'கல்யாணம் ஆன நாளிலிருந்து அடித்துக் கொடுமைப்படுத்தினார்' என்று எழுதினால் எடுபடாது. நடுவர் பார்ப்பது, இப்போது என்ன ஆபத்து என்பதை. இப்படி இருக்க வேண்டும்: 'மார்ச் 9 இரவு பத்தரை மணிக்குச் சமையலறையில் தோசைக்கரண்டியால் இடது முழங்கையில் அடித்தார். பக்கத்து வீட்டு அம்மா வந்து விலக்கினார். மறுநாள் அரசு மருத்துவமனையில் காட்டினேன். மார்ச் 14 காலை தம்பி வீட்டு வாசலில் நின்று, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார்.' இப்படி அண்மையில் நடந்ததை முதலில் எழுதுங்கள். பழையதில் மோசமான இரண்டு மூன்று போதும். ஆத்திரத்தில் கணவரின் சொந்தபந்தம் அத்தனை பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால் நோட்டீஸ் எல்லோருக்கும் போய்ச் சேரவே நாளாகும், மனுவும் பலவீனப்படும். உண்மையில் அடித்தவர், மிரட்டியவர் பெயர் மட்டும் போதும். அவர்களுடைய முகவரி சரியாக இருக்கட்டும், வேலை செய்யும் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

என்னென்ன தடை வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: அக்கா தங்கும் வீடு, வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளி ஆகியவற்றுக்கு வரக்கூடாது, போன், வாட்ஸ்அப், ஆள் அனுப்புவது எதுவும் கூடாது, நகையையும் கூட்டு வங்கிக் கணக்கையும் தொடக்கூடாது (பிரிவு 18). பிள்ளையைத் தற்காலிகமாக அக்காவிடம் வைக்கப் பிரிவு 21. புகுந்த வீட்டுக்கே திரும்ப நினைத்தால் பிரிவு 19-இல் வசிப்பிட ஆணை. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்பது 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கணவரை அந்த வீட்டிலிருந்து வெளியேறச் சொல்லவும் ஆணை உண்டு, ஆனால் மாமியார் போன்ற பெண்களை வெளியேற்றச் சொல்ல முடியாது. ஒரே வீட்டில் வாழ்ந்ததைக் காட்ட ரேஷன் கார்டு நகல் நன்றாக உதவும்.

மனு தாக்கலாகும் வரை கணவர் பக்கம் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். காவல் நிலையத்தில் பேசித் தீர்த்து, 'இனி ஒழுங்காக இருப்பேன்' என்று எழுதி வாங்கி அனுப்பினால், அந்தத் தாளை மீறினால் தண்டிக்க இந்தச் சட்டத்தில் வழியில்லை. கோர்ட் போடும் பாதுகாப்பு ஆணைக்கு உண்டு: மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல் நிலையத்திலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம், ஜாமீனைக் கோர்ட்தான் முடிவு செய்யும் (பிரிவு 31, 32).

ஆணையின் நகல் இலவசம். கோர்ட்டே காவல் நிலையத்துக்கும் அனுப்ப வேண்டும், ஆனாலும் நீங்களே ஒரு நகலை எடுத்துக்கொண்டு போய் நிலைய அதிகாரியிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி கணவர் வாசலில் வந்து நின்று நீங்கள் போலீஸைக் கூப்பிடும்போது, 'எங்களுக்கு ஆர்டர் எதுவும் வரலையே' என்பார்கள். அக்கா எங்கே போனாலும் ஒரு நகல் கைப்பையில் இருக்கட்டும். பள்ளித் தலைமையாசிரியரிடமும் ஒன்று கொடுங்கள். மிரட்டல் மெசேஜ் வந்தால் அழிக்காமல், பதிலும் போடாமல், அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.