அம்மாவோடு மூன்று நாள்: ராமநாதபுரத்தில் தங்குங்கள்

வணக்கம். மூட்டுவலியுள்ள அம்மாவோடு டிசம்பர் கடைசியில் மூன்று நாள் வருகிறேன், அருங்காட்சியகமும் கடலும் வேண்டும், அலைச்சல் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். விடுமுறையில் ராமேசுவரத்தில் கூட்டம் நெரியும். ராமநாதபுரத்திலேயே அறை எடுங்கள்.

முதல் நாளை முழுக்க ராமலிங்க விலாசத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனை அது. 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியரைச் சேதுபதி வரவேற்கும் காட்சி எல்லாம் இருக்கின்றன. மாடியிலும் ஓவியங்கள் உண்டு, ஆனால் அம்மாவுக்குக் கீழ்மண்டபமே போதும். தயவுசெய்து அவசரப்படாமல் சுவர் சுவராகப் பாருங்கள்.

மறுநாள் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் செதுக்கிய கல்தூண்கள் கோயில் மண்டபத்தை நினைவூட்டும்.

கடைசி நாள் பேய்க்கரும்பில் கலாம் நினைவகம், பிறகு தனுஷ்கோடி. அங்கே நிலம் முடியும் அரிச்சல்முனை வரை கார் போகும். குடை எடுத்து வாருங்கள், பருவமழை அப்போதும் எட்டிப்பார்க்கும்.