‘டல்’லும் ‘க்ளூமி’யும் ஒன்றா? மங்கலான ஆங்கிலச் சொற்கள்: கேள்வி பதில்

உடம்பு சரியில்லாத நாளில் மேலாளருக்கு ‘ஐ ஆம் டல் டுடே’ என்று செய்தி அனுப்பினேன். தவறு என்கிறார்கள். என்ன தவறு?

‘இன்னைக்கு டல்லா இருக்கேன்’ என்பது நல்ல தமிழ்ப் பேச்சு. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பொருள் மாறிவிடும். ஆங்கிலத்தில் ஓர் ஆளை ‘டல்’ என்றால் ஒன்று மந்தபுத்தி, இல்லாவிட்டால் பேச்சில் சுவாரசியமே இல்லாதவர். பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கே ‘முட்டாள்’ என்றுதான் பொருள்.

உடம்பு முடியவில்லை என்றால் ‘ஐ ஆம் நாட் ஃபீலிங் வெல்’. மனசு சரியில்லை என்றால் ‘ஐ ஆம் ஃபீலிங் எ பிட் லோ’. களைப்பு என்றால் ‘டயர்ட்’ போதும்.

இதைவிட வருத்தம் தருவது பள்ளிக்கூடப் பேச்சு. ‘மை சன் இஸ் டல் இன் மேத்ஸ்’ என்று பெற்றோரே ஆசிரியரிடம் சொல்கிறார்கள். பையனுக்கு அறிவு குறைவு என்று அவன் காதுபடச் சொல்வதாகத்தான் அது ஆகும். ‘ஹி ஃபைண்ட்ஸ் மேத்ஸ் டிஃபிகல்ட்’ என்று சொல்லுங்கள். கணக்கு அவனுக்குக் கடினமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ‘டல்’லை எங்கேதான் பயன்படுத்துவது?

நிறைய இடங்களில். இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல்லைத் தேடுங்கள், பொருள் தானாகப் பிடிபடும். கத்தி ‘டல்’ என்றால் முனை மழுங்கியது, எதிர்ச்சொல் ‘ஷார்ப்’. பிரிட்டனில் கத்திக்கு ‘ப்ளண்ட்’தான் அதிகம், அமெரிக்காவில் ‘டல்’. நிறம் ‘டல்’ என்றால் எதிர்ச்சொல் ‘ப்ரைட்’. பாத்திரத்தின் மேற்பரப்பு ‘டல்’ என்றால் ‘ஷைனி’. புத்தகம் ‘டல்’ என்றால் ‘இண்ட்ரஸ்டிங்’. மூட்டை தரையில் விழும் ‘தொம்’ என்ற ஓசை ‘டல் தட்’. மருத்துவரிடம் ‘டல் ஏக்’ என்றால் மெல்ல, விடாமல் இருக்கும் வலி. சுருக்கென்று குத்துவது ‘ஷார்ப் பெயின்’. இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் மருத்துவரின் யோசனையே வேறு பக்கம் போகும்.

தமிழில் இதற்கு ஓர் அருமையான ஜோடி உண்டு: ‘மொக்கை’. பென்சில் முனையும் மொக்கை, சிரிப்பு வராத ஜோக்கும் மொக்கை. கூர்மை போனதற்கும் சுவாரசியம் போனதற்கும் ஒரே சொல். பேச்சுத் தமிழை மொழிபெயர்ப்பில் சேர்க்கத் தயங்காதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

நான் மொழிபெயர்ப்பாளர். ‘க்ளூமி’, ‘ப்ளீக்’, ‘டிரியரி’, ‘டிஸ்மல்’ எல்லாவற்றுக்கும் ‘சோகமான’ அல்லது ‘இருண்ட’ என்றே எழுதிவிடுகிறேன். எப்படிப் பிரிப்பது?

ஒரே வீட்டின் மேல் நான்கு சொற்களையும் வைத்துப் பார்க்கலாம்.

‘க்ளூமி’ வீடு என்றால் வெளிச்சம் வராத வீடு. சன்னல் சிறியது, பகலிலும் விளக்குப் போட வேண்டும், உள்ளே போனதும் மனசு அமுங்குகிறது. இந்தச் சொல்லின் மூலம் முதலில் முகத்தைச் சுளிப்பதைத்தான் குறித்தது. இருட்டு என்ற பொருள் பிறகு வந்தது. அதனால்தான் இன்றும் அறைக்கும் பொருந்துகிறது, ஆளுக்கும் பொருந்துகிறது.

‘ப்ளீக்’ வீட்டில் வெளிச்சம் வேண்டிய மட்டும் இருக்கலாம். அது மரமில்லாத மேட்டில் தனியாக நிற்கிறது, காற்று அறைகிறது, ஒதுங்க இடமில்லை. வேர் பழைய நோர்ஸ் மொழியில் (ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி) ‘வெளிறிய’ என்ற பொருளுள்ள சொல். ‘ப்ளீச்’ இதன் உறவு. ஆகவே இருட்டு இங்கே வேலை செய்யவில்லை, வெறுமைதான் வேலை செய்கிறது. ‘ப்ளீக் ஃப்யூச்சர்’ என்பதை ‘இருண்ட எதிர்காலம்’ என்பது வழக்கமாகிவிட்டது. பிடித்துக்கொள்ள ஒரு நம்பிக்கையும் இல்லை என்பதே அதன் கருத்து. ‘வெறுமையான’, ‘வழியற்ற’ என்று முயன்று பாருங்கள்.

‘டிரியரி’ வீட்டில் கண்ணுக்கும் மனசுக்கும் ஒன்றுமே இல்லை, நேரம் நகராது. பழைய ஆங்கிலத்தில் இதன் பொருள் ‘ரத்தம் தோய்ந்த’. அங்கிருந்து ‘துயரமான’ ஆகி, பிறகு ‘சலிப்பூட்டுகிற’ என்று தேய்ந்தது. இழுத்துக்கொண்டே போவது இதன் அடையாளம்: ‘டிரியரி’ பயணம், ‘டிரியரி’ மழைநாள். ‘சுரத்தில்லாத’ என்ற தமிழ்ச் சொல் பக்கத்தில் வரும்.

‘டிஸ்மல்’ வீடு என்றால் பார்த்ததும் ‘சே, என்ன இப்படி இருக்கிறதே’ என்று சொல்ல வைப்பது. லத்தீனில் ‘கெட்ட நாட்கள்’ என்று பொருள்படும் தொடரிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பிய நாட்காட்டிகளில் மாதத்துக்கு 2 நாட்களை ஆகாத நாள் என்று குறித்திருந்தார்கள், ஏறத்தாழ நம் ராகுகாலக் கணக்கு மாதிரி. இன்று இதில் ‘மகா மோசம்’ என்ற தீர்ப்பும் ஏறிவிட்டது. அணி 60 ரன்னில் சுருண்டால் அது ‘டிஸ்மல்’ ஆட்டம். அதை ‘க்ளூமி’ ஆட்டம் என்று யாரும் எழுத மாட்டார்கள். ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1849இல் பொருளாதாரத்தை ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்றதிலும் அந்த இகழ்ச்சி இருக்கிறது. ‘சோகமான அறிவியல்’ என்று பெயர்த்தால் அது தொலைந்துவிடும்.

‘டிங்கி ரூம்’ என்று சொன்னேன், திருத்தினார்கள்.

உச்சரிப்பு ‘டிஞ்சி’. மங்கலோடு அழுக்கும் சேர்ந்தது: புகை படிந்த சுவர், பழுப்பேறிய திரைச்சீலை. ‘டிங்கி’ என்பது சின்னப் படகு, ஆங்கிலத்துக்கு இந்தியாவிலிருந்து போன சொல்.

முகத்துக்கு எத்தனை சொற்கள்! ‘சல்லன்’, ‘க்ளம்’, ‘மரோஸ்’, ‘சாம்பர்’. எதை எப்போது?

அலைபேசியைப் பிடுங்கிவிட்டதும் மூலையில் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ‘உம்’மென்று இருக்கும் பிள்ளை ‘சல்லன்’. கோபம் இருக்கிறது, ஆனால் வாய் திறக்காது. வேர் ‘தனித்த’ என்ற பொருளுள்ள லத்தீன் சொல்.

போட்டியில் தோற்று முகம் தொங்கிப்போனவர் ‘க்ளம்’. நாளைக்குச் சரியாகிவிடும். ‘மரோஸ்’ பெரும்பாலும் சுபாவம்: சிடுசிடுப்பும் சோர்வும் கலந்து, யாரோடும் ஒட்டாமல் இருப்பவர்.

‘சாம்பர்’ இந்த வரிசையில் தனி. அதில் குறை சொல்லும் தொனி இல்லை. இரங்கல் கூட்டத்தின் கனத்த அமைதி ‘சாம்பர்’. அதையே ‘சல்லன்’ என்று எழுதினால், வந்தவர்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்றாகிவிடும். எழுத்தைப் பார்த்து ‘சோம்பர்’ என்று படிப்பவர்கள் உண்டு. சோம்பலுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வானம் மூடியிருந்தால் ‘க்ளௌடி’யா, ‘ஓவர்காஸ்ட்’டா, ‘க்ளூமி’யா?

முதல் இரண்டும் தகவல். வானிலையாளர்கள் வானத்தை 8 பங்காகப் பிரித்துக் கணக்கிடுவார்கள். விமான வானிலை அறிக்கையில் 8 பங்கும் மூடினால்தான் ‘ஓவர்காஸ்ட்’. 5 முதல் 7 வரை ‘ப்ரோக்கன்’. ‘க்ளௌடி’ பொதுப்பேச்சு.

‘க்ளூமி’ தகவல் அல்ல, புகார். சென்னையில் மே மாதம் மப்பும் மந்தாரமுமாக இருந்தால் நமக்குக் கொண்டாட்டம். அந்தப் படத்தைப் போட்டு ‘க்ளூமி வெதர்’ என்று எழுதினால், லண்டனில் இருப்பவர் நீங்கள் வருத்தப்படுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார். ‘நைஸ் அண்ட் க்ளௌடி’ என்று எழுதுங்கள்.

‘ஐ ஆம் போரிங்’ சரியா?

‘நான் அறுவை’ என்று நீங்களே சொல்வது அது. உங்களுக்குச் சலிப்பு என்றால் ‘போர்ட்’. கூடவே இன்னும் சில: நீண்டு அலுப்பூட்டும் வேலை ‘டீடியஸ்’, ஒரே சீராக ஏற்ற இறக்கமின்றிப் போவது ‘மனாட்டனஸ்’, உப்புச் சப்பில்லாதது ‘இன்சிப்பிட்’. கடைசிச் சொல் ருசியிலிருந்தே பிறந்தது, நம் ‘சப்பென்று’ மாதிரி.

சோகத்துக்கு ‘டிப்ரஸ்ட்’ என்று எழுதலாமா?

பேச்சில் எல்லாரும் சொல்கிறார்கள். எழுத்தில் கவனம் வேண்டும். மனநல மருத்துவத்தில் ‘டிப்ரஷன்’ ஒரு நோய்ப்பெயர். அறிகுறிகள் குறைந்தது 2 வாரமாவது தொடர்ந்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். ஒரு மாலை நேரத்துச் சோகத்துக்கு ‘சேட்’ அல்லது ‘லோ’ போதும். காரணம் தெரியாமல் மெல்லப் படர்ந்து, அதில் ஓர் இனிமையும் கலந்திருந்தால் ‘மெலன்கலி’. கறுப்புப் பித்தம் கூடினால் மனம் கனக்கும் என்ற கிரேக்க மருத்துவ நம்பிக்கையிலிருந்து வந்த சொல் அது.

இரங்கல் உரையைப் பாராட்ட ‘லுகூப்ரியஸ்’ என்று எழுதலாமா? அகராதியில் ‘துயரமான’ என்று போட்டிருக்கிறது.

வேண்டாம். இன்றைய வழக்கில் அது வேண்டுமென்றே கூட்டிக் காட்டும் துயரம். பேசியவர் ஒப்பாரி வைத்து நடித்தார் என்று சொன்னதாக ஆகும். ‘மூவிங்’ என்று எழுதிவிடுங்கள்.