விற்பவர் கைக்குப் போன மதிப்பாய்வுத் தளத்தை நம்பலாமா?

கேள்வி: கேமராவோ லென்ஸோ வாங்குவதற்கு முன் பல ஆண்டுகளாக ஒரே மதிப்பாய்வு இணையதளத்தைத்தான் படித்து முடிவெடுத்து வருகிறேன். அந்தத் தளத்தை இப்போது பெரிய இணைய விற்பனை நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. இனியும் அதை நம்பிப் பணம் செலவிடலாமா?

பதில்: நம்பலாம், ஆனால் அதன் எல்லாப் பகுதிகளையும் ஒரே அளவில் அல்ல. சோதனைப் படங்களையும் அளவீடுகளையும் முன்போலவே பயன்படுத்திக்கொள்ளலாம். ‘எதை வாங்குவது’ என்று சொல்லும் பரிந்துரைப் பட்டியல்களைத்தான் சற்றுத் தள்ளி நின்று படிக்க வேண்டும்.

இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1998-இல் பிரிட்டனில் ஃபில் ஆஸ்கி தொடங்கிய டிபிரிவியூ என்ற கேமரா மதிப்பாய்வுத் தளத்தை அமேசான் 2007 மே மாதம் வாங்கியது. திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபியை 1998-லேயே வாங்கியிருந்த அந்த நிறுவனத்துக்கு, மக்கள் வாங்கும் முன் எட்டிப்பார்க்கும் தளங்களின் அருமை தெரிந்திருந்தது. கடைக்காரர் சொல்படி தீர்ப்புகள் மாறும் என்று அப்போது பலர் அஞ்சினர். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் அத்தளத்தின் சோதனைகள் விரிவாகவே வந்தன. பெரிய நிறுவனங்களின் கேமராக்களில் இருந்த குறைகளும் எழுதப்பட்டன.

இதில் வியப்பில்லை. கேனான், நிக்கான், சோனி என எல்லாவற்றையும் விற்கும் கடைக்கு, நீங்கள் எதை வாங்கினாலும் வியாபாரம்தான். பொருந்தாத கேமராவை உங்கள் தலையில் கட்டினால் அது திரும்பி வரும், அந்தச் செலவும் கடையின் மேல்தான் விழும். மாறாக, யாருக்கும் சொந்தமில்லாத தளம் என்று நாம் போற்றுவது பெரும்பாலும் கேமரா தயாரிப்பாளர்களின் விளம்பரத்தையும், அவர்கள் முன்கூட்டியே கடனாக அனுப்பும் கேமராக்களையும் நம்பியே நடக்கிறது. அந்த வகையில், கடைக்காரர் உரிமையாளராவது தயாரிப்பாளர்களின் நெருக்கடியைக் குறைக்கவும் கூடும் என்பதே என் கருத்து.

சாய்வு வேறு இடத்தில் வருகிறது. எந்தக் கேமரா என்பதில் கடைக்கு அக்கறை இல்லாவிட்டாலும், ஏதாவது ஒன்றை நீங்கள் வாங்க வேண்டும் என்பதில் நிச்சயம் அக்கறை உண்டு. ஆகவே, ‘உங்களிடம் இருக்கும் கேமராவே போதும், இந்த ஆண்டு எதுவும் வாங்காதீர்கள்’ என்ற ஒரு வரிக்குத்தான் அங்கே இடம் சுருங்கும். உற்பத்தி நின்றுபோன மாடல்கள், பிறர் பயன்படுத்தி விற்கும் லென்ஸ்கள், அந்தக் கடையில் கிடைக்காத சிறு நிறுவனங்களின் பொருள்கள் ஆகியவை பற்றிய கட்டுரைகள் குறைந்து, தள்ளுபடி அறிவிப்புகளும் ‘சிறந்த பத்து’ பட்டியல்களும் பெருகினால், எழுதப்பட்ட எந்த வாக்கியமும் பொய்யாக இல்லாமலேயே தளத்தின் முகம் மாறிவிட்டது என்று கொள்ளலாம். உரிமையாளர் தன் சொந்தப் பெயரில் முக்காலி, கேமரா பை, பேட்டரி போன்றவற்றை விற்பவராக இருந்தால், அந்தப் பொருள்களைப் பற்றிய தீர்ப்புக்கு மட்டும் வேறு இடத்தில் இன்னொரு கருத்தைக் கேட்டுவிடுங்கள்.

இணைப்பைச் சொடுக்கி வாங்கினால் தளத்துக்குக் கமிஷன் போவது தனிக் கதை. அது கடைக்காரருக்குச் சொந்தமான தளங்களோடு நிற்பதில்லை. 2016-இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய, பொருள்களைச் சோதித்துப் பரிந்துரைக்கும் வயர்கட்டர் தளமும் அப்படித்தான் சம்பாதிக்கிறது. இத்தகைய தொடர்புகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்க கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் நிலைப்பாடு. ஒரு நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் உள்ள தளத்தைச் சுதந்திரமான மதிப்பாய்வுத் தளம்போலக் காட்டி, தான் விற்கும் பொருள்களைப் பற்றி எழுதுவதையும் அந்த ஆணையத்தின் விதி 2024 அக்டோபர் முதல் தடை செய்கிறது. எனவே, உரிமையாளர் யார் என்பது தளத்தில் எளிதில் கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தால் அதுவே ஒரு பதில்.

படிக்கும்போது எழுத்தைவிடப் படக்கோப்புகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். ஒரே காட்சியை ஒரே வெளிச்சத்தில் பல கேமராக்களால் எடுத்து, அவற்றின் ரா கோப்புகளை (கேமரா மெருகேற்றாமல் பதியும் மூலப் படத்தரவு) தரவிறக்க அனுமதிக்கும் தளத்தில் ஏமாற்றுவது கடினம். ஐஎஸ்ஓ 6400-இல், அதாவது குறைந்த வெளிச்சத்துக்கான உயர் உணர்திறன் அமைப்பில், எடுத்த கோப்பை உங்கள் மென்பொருளிலேயே திறந்து, நிழல் பகுதியைச் சற்று வெளிச்சமாக்கிப் பாருங்கள். படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல் எவ்வளவு என்பதைச் சொல்ல யாருடைய தீர்ப்பும் தேவைப்படாது. கேமரா தானாகக் குவியம் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் அப்படியல்ல. ஓடும் குழந்தையையோ பறக்கும் பறவையையோ கேமரா எவ்வளவு விடாமல் பின்தொடர்கிறது என்பதை எழுதுபவரின் அனுபவத்திலிருந்துதான் அறிய முடியும், அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருவரின் மதிப்பாய்வையாவது படித்தாக வேண்டும். மதிப்பாய்வின் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வந்த ஃபார்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு அந்தக் கேமராவின் ஆட்டோஃபோகஸையே மாற்றியிருக்கலாம். நூற்றுக்கு 86, 88 என்று போடப்படும் மதிப்பெண்களை, யார் உரிமையாளராக இருந்தாலும், நான் பொருட்படுத்துவதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நீங்கள் கேட்காத ஓர் ஆபத்துதான் பெரியது என்று நினைக்கிறேன். 2023 மார்ச் 21 அன்று, தன் ஆட்குறைப்பின் ஒரு பகுதியாக டிபிரிவியூவை ஏப்ரல் 10-உடன் மூடப்போவதாக அமேசான் அறிவித்தது. பெரிய நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கில் அது ஒரு சிறு வரி. ஏறத்தாழ 25 ஆண்டு மதிப்பாய்வுகள் மறைந்துவிடுமோ என்று வாசகர்கள் அவற்றைச் சேமிக்க ஓடினர். ஜூன் மாதம் கியர் பேட்ரோல் நிறுவனம் வாங்கியதால்தான் தளம் பிழைத்தது. ஆகவே, உங்களிடம் இருக்கும் கேமரா, லென்ஸ்கள் பற்றி நீங்கள் படிக்கும் தளத்தில் உள்ள மதிப்பாய்வுகளையும் அவற்றின் ரா கோப்புகளையும் இப்போதே உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாடல்களை முதலில் சேமியுங்கள்: அவற்றை விற்றுக் கடைக்கு இனி வருமானம் இல்லை, நீங்கள் ஒருநாள் உங்கள் கேமராவை விற்கும்போது வாங்க வருபவர் தேடுவதோ அவற்றைத்தான்.