பெட்டகத்தில் கிடைத்த 'சோவியத் நாடு'

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டை ஒதுங்க வைத்தபோது, பெட்டகத்தில் 'சோவியத் நாடு' இதழ்கள் ஒரு கட்டு கிடைத்தன. வழவழ தாளில் நடனம், கோதுமை வயல், சிரிக்கிற பிள்ளைகள். "எல்லாம் பிரச்சாரம், எடைக்குப் போடு" என்கிறார் அண்ணன். நமக்கு நட்பாக இருந்த நாடு நம்மிடம் எதற்குப் பிரச்சாரம் செய்ய வேண்டும்?
— ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பிரச்சாரம் என்று அண்ணன் சொல்வது சரிதான். பாதுகாத்து வைக்க வேண்டிய காரணமும் அதுவேதான்.

சோவியத் தூதரகத்தின் செய்திப் பிரிவு நம் மொழிகளில் கொண்டுவந்த இதழ் அது. அதில் பொய்யாகத்தான் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன். பிலாய் உருக்காலையும் நெய்வேலி அனல்மின் நிலையமும் அவர்கள் உதவியோடு எழுந்தவை. 1971 ஆகஸ்டில் கையெழுத்தான நட்பு ஒப்பந்தமும் உண்மை. ஆனால் அரசை எதிர்த்துப் பேசிய விஞ்ஞானி சகாரோவை 1980இல் தண்டனையாகக் கார்க்கி நகருக்கு அனுப்பிவைத்த அரசுதான் அந்த இதழுக்கும் பணம் கொடுத்தது. அவர் பக்கத்து நியாயத்தை அதில் தேட முடியுமா?

நண்பனிடம் எதற்கு என்று கேட்கிறீர்கள். நண்பன் விலகிப் போய்விடக் கூடாதே, அதற்காகத்தான். 1939இல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் ஆதரவில் 'பெர்லின் ரோம் டோக்கியோ' என்று ஒரு மாத இதழ் தொடங்கியது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் என்ற மூன்று நாட்டு மக்களின் பண்பாட்டு உறவை ஆழப்படுத்துவதே நோக்கம் என்று அட்டையிலேயே போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மங்கோலிய எல்லையில் ஜப்பான் சோவியத் படையோடு மோதிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, கூட்டாளியான ஜப்பானைக் கலக்காமலேயே ஹிட்லர் ஸ்டாலினோடு ஒப்பந்தம் போட்டார். அந்த அதிர்ச்சியில் ஜப்பான் அமைச்சரவையே பதவி விலகியது. இதழ் மட்டும் 1944 வரை வந்தது. உறவில் இவ்வளவு விரிசல் இருந்ததால்தான் பண்பாட்டுப் பூச்சு அவ்வளவு தேவைப்பட்டது என்பது என் எண்ணம்.

இதில் நம் பகுதி வீடுகளுக்கும் வலி உண்டு. 1942இல் ஜப்பான் 'ஃப்ரண்ட்' என்ற பெரிய அளவுப் படப் பத்திரிகையைப் பல மொழிகளில் அச்சடித்து ஆசியாவெங்கும் அனுப்பத் தொடங்கியது. அதே ஆண்டு மார்ச்சில் ரங்கூன் அவர்கள் கைக்குப் போனது. பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போன நம்மவர்கள் கடைப் பெட்டியடி, நிலம், கணக்கேடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காடும் மலையும் நடந்து ஊர் வந்தார்கள். எங்கள் அப்பச்சியின் ஐயாவும் அப்படி வந்தவர்தான். 1943 ஆகஸ்டில் பர்மாவைச் 'சுதந்திர' நட்பு நாடு என்று ஜப்பான் அறிவித்தது. 1945 மார்ச்சில் அந்த நட்பு நாட்டுப் படையே ஜப்பானுக்கு எதிராகத் திரும்பியது.

இப்போது கட்டுக்கு வருவோம். தேதி வாரியாக அடுக்குங்கள். அந்தந்த மாதம் உலகத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். இதழ் எங்கே வாய் மூடியது என்பது அப்போது தெரியும். சந்தா முகவரித் துண்டு ஒட்டியிருந்தால் கிழிக்காதீர்கள். அப்புறம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப் பிறர் கழித்துப் போட்டதைச் சேர்த்துத்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் நிற்கிறது. வீட்டில் இடமில்லை என்றால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்கா மட்டும் சும்மா இருந்ததா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. 1960 முதல் இந்தியாவில் 'ஸ்பான்' வந்தது. அமெரிக்க அரசின் இதழ் என்று வெளிப்படையாகவே வந்ததால் அதன் மேல் எனக்குக் கோபமில்லை. லண்டனில் 1953இல் தொடங்கிய 'என்கவுன்டர்' வேறு கதை. நல்ல இலக்கிய இதழ். ஆனால் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் பணம் மறைமுகமாக அதற்குப் போனது 1967இல் அம்பலமானது. ஆசிரியர் குழுவிலிருந்த கவிஞர் ஸ்டீபன் ஸ்பெண்டர் விலகினார். எழுதியவர்களிடமும் படித்தவர்களிடமும் மறைத்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.