பொத்தான்களை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் கேமிங் மவுஸ்: கேள்வி பதில்

பகலில் பக்க வடிவமைப்பும் கணக்குத் தாள்களும், இரவில் சற்று விளையாட்டும் என்று ஒரே லாஜிடெக் ஜி502 ஹீரோ மவுஸைப் பயன்படுத்தி வருகிறேன். நண்பர்களின் மவுஸ்களையும் பிரித்துச் சரிசெய்து கொடுப்பது உண்டு. வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. ஜி502 ஹீரோ வாங்கிய அன்றே 11 பொத்தான்களுக்கும் வேலை ஒதுக்கிவிட்டேன். எந்தப் பொத்தானுக்கு எந்த வேலை என்பது நினைவில் நிற்கவே இல்லை. எப்படிப் பழகுவது?

ஒரே நாளில் 11 பொத்தான்களையும் அமைத்தால் யாருக்கும் நிற்காது. அந்தப் பதினொன்றில் இடது, வலது, சக்கர அழுத்தம் ஆகிய மூன்றும் ஏற்கெனவே வேலையில் இருப்பவை. கட்டைவிரல் பக்கத்தில் உள்ள முன், பின் பொத்தான்களை உலாவிக்காக அப்படியே விட்டுவைப்பது நல்லது. மிஞ்சுவது ஆறு. அவற்றில், மவுஸைப் பிடித்திருக்கும் பிடியை மாற்றாமலே விரலுக்கு எட்டுவது எது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

சக்கரத்தை இடமும் வலமும் சாய்க்கும் இரண்டு பொத்தான்கள், உருட்டும்போது தவறுதலாக அழுந்தக்கூடியவை என்பதால் அழித்தல், மூடுதல் போன்ற வேலைகளை அங்கே வைக்காதீர்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதை அழுத்த விரலை மடக்க வேண்டியிருக்கும். நாளில் ஓரிரு முறை மட்டும் தேவைப்படுவது அங்கே போகட்டும். இடது பொத்தானின் ஓரத்தில் இருக்கும் இரண்டும் ஆள்காட்டி விரலுக்கு எளிதில் கிடைக்கும். என்னுடையதில் நகலெடுத்தலும் ஒட்டுதலும் அங்கேதான் இருக்கின்றன. கட்டைவிரலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பொத்தான், குட்டையான விரல் உள்ளவர்களுக்கு எட்டவே எட்டாது. 2022இல் வந்த ஜி502 எக்ஸ் மாதிரியில் அந்தத் துண்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தவும், வேண்டாமென்றால் எடுத்துவிட்டு மூடி போடவும் வழி செய்திருக்கிறார்கள்.

இப்போது எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோய், உங்கள் இடது கை நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அழுத்தும் ஒரே ஒரு குறுக்குவிசையை மட்டும் ஒரு பொத்தானுக்குக் கொடுங்கள். கை யோசிக்காமல் அதை அழுத்தத் தொடங்கிய பிறகு அடுத்ததைச் சேர்க்கலாம். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் மற்றவற்றுக்கெல்லாம் இரண்டாவது வேலை கிடைக்கும் ஜி-ஷிஃப்ட் வசதி அருமையானதுதான், ஆனால் அது கடைசியில் வர வேண்டியது.

கேள்வி: பெட்டியில் 25,600 டிபிஐ என்று போட்டிருக்கிறது. நான் 6,400இல் வைத்தாலே கர்சர் பறக்கிறது. இவ்வளவு எதற்கு?

விளம்பரத்துக்கு. டிபிஐ என்பது, மவுஸ் ஓர் அங்குலம் நகரும்போது சென்சார் எத்தனை எண்ணிக்கைகளைக் கணினிக்கு அனுப்புகிறது என்பதன் அளவு. விண்டோஸில் கர்சர் வேகம் நடுவில், அதாவது 11 படிகளில் ஆறாவதில் இருந்து, வேகமுடுக்கமும் இல்லையென்றால் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு பிக்சல் என்று கர்சர் நகரும். 1,920 பிக்சல் அகலமுள்ள திரையை முழுவதும் கடக்க 800 டிபிஐயில் 2.4 அங்குலம், ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் கையை நகர்த்த வேண்டும். 1,600இல் 3 சென்டிமீட்டர் போதும். 6,400இல் முக்கால் சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும். மனிதக் கை அந்த முக்கால் சென்டிமீட்டருக்குள் ஒரு சின்னப் பெட்டியைக் குறிவைத்து நிறுத்துவது எளிதல்ல. சாதாரணத் திரைக்கு 800 முதல் 1,600 வரை, 4கே திரைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும். ஜி502 ஹீரோவின் சென்சார் 2018இல் 16,000 என்று விற்பனைக்கு வந்து, பிறகு மென்பொருள் புதுப்பிப்பின் மூலமே 25,600க்கு உயர்த்தப்பட்டது என்பதை நினைத்தால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது புரியும்.

விண்டோஸில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரெசிஷன்’ என்ற பெயரில் இருக்கும் தேர்வை நீக்கிவிடுங்கள். பெயரில் துல்லியம் இருந்தாலும் அது செய்வது வேகமுடுக்கம்தான்: அதே தூரத்தை நீங்கள் வேகமாக நகர்த்தினால் கர்சர் அதிகத் தொலைவும், மெதுவாக நகர்த்தினால் குறைந்த தொலைவும் போகும். அது இருக்கும் வரை கைக்குத் தூரம் பழகாது.

கேள்வி: கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இல் பழகிய கை, வேலரண்ட் ஆடும்போது தடுமாறுகிறது அண்ணா. டிபிஐ இரண்டிலும் 800தான்.

டிபிஐ ஒன்றாக இருந்தாலும் இரண்டு விளையாட்டுகளும் ஓர் எண்ணிக்கைக்குத் திருப்பும் கோணம் வேறு. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டி (விளையாட்டுக்குள் வைக்கும் வேக அளவு) 1 என்றால் ஓர் எண்ணிக்கைக்கு 0.022 பாகை, வேலரண்டில் 0.07 பாகை. ஆகவே முதலாவதன் எண்ணை 3.18ஆல் வகுத்து இரண்டாவதில் போடுங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் 800 டிபிஐயும் சென்சிட்டிவிட்டி 1உம் இருந்தால் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஏறத்தாழ 52 சென்டிமீட்டர் கை நகர வேண்டும், வேலரண்டில் 0.314 போட்டால் அதே 52 வரும். மவுஸ்பேட் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் இடமில்லாமல் சின்ன பேடை வைத்துக்கொண்டு குறைந்த சென்சிட்டிவிட்டியில் ஆடுவது வீண் வேலை.

கேள்வி: அலுவலகக் கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ அனுமதி இல்லை. வீட்டில் அமைத்த பொத்தான்கள் அங்கே வேலை செய்யுமா?

மவுஸின் சொந்த நினைவகத்தில் சேமித்திருந்தால் செய்யும். ஜி502 ஹீரோவில் ஐந்து புரொஃபைல்களை, அதாவது பொத்தான் அமைப்புத் தொகுப்புகளை, அப்படிச் சேமிக்கலாம். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் நினைவகப் பயன்முறையை இயக்கி, தேவையான புரொஃபைலை மவுஸில் ஏற்றிவிட்டு, மென்பொருளை முழுவதும் மூடிய பிறகு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மென்பொருள் ஓடாதபோதும் பொத்தான்கள் சொன்னபடி கேட்டால் மவுஸை எடுத்துப் போகலாம். ஒன்று மட்டும் கிடைக்காது: எக்செல் திறந்தால் ஒரு புரொஃபைல், உலாவி திறந்தால் மற்றொன்று என்று தானாக மாறுவதற்கு மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அலுவலகத்தில் நீங்களே ஒரு பொத்தானை அழுத்தித்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கணினிப் பிரிவினர் இந்த மவுஸ்களைச் சந்தேகத்துடன் பார்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில், விண்டோஸ் 10 கணினியில் ரேசர் மவுஸைச் செருகினால் தானாகத் தொடங்கும் நிறுவல் நிரலின் வழியாக, சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிட முடியும் என்பது வெளியானது. நிறுவனம் அதைச் சரிசெய்துவிட்டது என்றாலும், முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மவுஸை எடுத்துப் போவதே முறை.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் ‘ஜிஜி’ (நல்ல ஆட்டம்) என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய மேக்ரோ (ஒரு பொத்தானில் பதிந்துவைத்த விசைத் தொடர்) வைத்திருக்கிறேன். சில நேரங்களில் அது ‘எஎ’ என்று போகிறது! மவுஸ் பழுதா?

பழுதில்லை, உங்கள் கணினியில் தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட மேக்ரோவில் பதிவாவது எழுத்தல்ல, விசையின் எண்தான். மவுஸ் தன்னை ஒரு விசைப்பலகையாகவும் கணினியிடம் அறிமுகப்படுத்திக்கொண்டு, ஜி என்ற விசை இருமுறை அழுத்தப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. தமிழ்99இல் அந்த விசையில் ‘எ’ அமர்ந்திருப்பதால் எதிரணியினருக்கு இரண்டு எகரங்கள் போய்ச் சேர்கின்றன. அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ.

இதே காரணத்தால்தான் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் முகவரி, கையொப்ப வரி போன்ற நீண்ட உரைகளை மவுஸ் மேக்ரோவில் வைக்க வேண்டாம் என்று சொல்வேன். உரையை விரிக்கும் வேலைக்குச் சொற்செயலிகளில் உள்ள தானியங்கு திருத்த வசதியே நம்பகமானது. மவுஸில் வைப்பதற்கு ஏற்றவை குறுக்குவிசைகள். கண்ட்ரோல்-சி, கண்ட்ரோல்-வி போன்றவை விண்டோஸின் தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருக்கும்போதும் வழக்கம்போல் வேலை செய்கின்றன. மொழியை மாற்றும் விண்டோஸ்-ஸ்பேஸ் சேர்க்கையை ஒரு பொத்தானுக்குக் கொடுத்திருக்கிறேன். தமிழும் ஆங்கிலமும் கலந்து வேலை செய்பவர்களுக்கு 11 பொத்தான்களில் மிகவும் பயன்படுவது அதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: மேக்ரோ பயன்படுத்தினால் கணக்கு முடக்கப்படுமா?

ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு செயல் நடப்பது பொத்தான் மாற்றம். அதை யாரும் குறை சொல்வதில்லை. ஒரே அழுத்தத்தில் பல செயல்கள் நேரக் கணக்கோடு தொடர்ந்து நடந்தால்தான் சிக்கல். 2024 ஆகஸ்டில், கவுண்டர்-ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வச் சர்வர்களில் ஒரே அழுத்தத்தால் பல செயல்களைத் தானாக நடத்துவதாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்படலாம் என்று அறிவித்தது. அந்த விவாதம் முக்கியமாக விசைப்பலகைகளைப் பற்றி எழுந்தது என்றாலும் கோடு மவுஸுக்கும் பொருந்தும். துப்பாக்கி அதிரும்போது கையை இழுத்துச் சமன்செய்யும் ‘ரீகாயில்’ மேக்ரோக்களைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம், அது ஏமாற்று.

கேள்வி: ஜி502 ஹீரோவுடன் கூடவே வந்த எடைக்கட்டிகளைப் போடலாமா?

ஐந்து கட்டிகள், ஒவ்வொன்றும் 3.6 கிராம். எல்லாவற்றையும் போட்டால் 121 கிராம் மவுஸ் 139 கிராம் ஆகும். கனமான மவுஸ் நிதானம் தரும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. 2020இல் 63 கிராமுக்கும் குறைவான ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் வந்த பிறகு சுடும் விளையாட்டு ஆடுபவர்கள் எடையைக் குறைக்கும் பக்கம் போய்விட்டார்கள். கணக்குத் தாளில் வேலை செய்யும்போது கை நடுங்குவதாகத் தோன்றினால் பின்பக்கம் ஒன்றிரண்டு போட்டுப் பாருங்கள். மற்றவர்கள் டப்பாவிலேயே விட்டுவிடலாம்.

கேள்வி: ஒருமுறை சொடுக்கினால் இருமுறை விழுகிறது. இழுத்துப் போகும் கோப்பு வழியிலேயே நழுவுகிறது. மென்பொருளில் சரிசெய்ய முடியுமா?

கோப்பு நழுவுகிறது என்ற ஒரு குறிப்பே போதும். பொத்தானுக்கு அடியில் உள்ள சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. உள்ளே ஒரு மெல்லிய உலோகத் தகடு மற்றோர் உலோகப் புள்ளியைத் தொடுகிறது. தொடும் ஒவ்வொரு முறையும் அது சில மில்லி வினாடிகள் துள்ளித்தான் அடங்கும். அந்தத் துள்ளலை மவுஸ் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். தகடு தளர்ந்தாலோ, தொடுபுள்ளியில் ஆக்சைடு படிந்தாலோ துள்ளல் நீண்டு, மவுஸ் பொறுத்திருக்கும் நேரத்தைத் தாண்டும்போது அது இரண்டாவது சொடுக்காகப் பதிவாகிறது.

உத்தரவாதக் காலம் இருந்தால் பிரிக்காமல் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்திருந்தால் சுவிட்சை மாற்றுவது கடினமல்ல: அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளை உரித்தால் திருகுகள் தெரியும், பழைய சுவிட்சின் மூன்று கால்களில் உள்ள பற்றாசை உருக்கி அதை எடுத்துவிட்டு ஓம்ரான், கைல், ஹுவானோ போன்றவற்றில் பொருத்தமான ஒரு சுவிட்சைப் பற்றவைத்தால் முடிந்தது. உரித்த பட்டைகள் பெரும்பாலும் மறுபடி சரியாக ஒட்டாது. புதிய பட்டைகளை முன்பே வாங்கி வையுங்கள். 2019இல் வந்த ரேசர் வைப்பர் போன்றவற்றில் உலோகத் தொடர்புக்குப் பதில் ஒளிக்கதிர் சொடுக்கை அறிவதால் இந்தக் குறிப்பிட்ட கோளாறு அங்கே எழுவதில்லை.

கேள்வி: பக்கவாட்டு ரப்பர் பிசுபிசுக்கிறது. கழுவினாலும் போகவில்லை.

அது அழுக்கல்ல, ஈரக்காற்றிலும் வியர்வையிலும் அந்தப் பூச்சே சிதைகிறது. கடலோர ஊர்களில் இது சீக்கிரமே தொடங்கும். பூச்சு மட்டுமாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துத் தேய்த்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கும். தனி ரப்பர் துண்டாக இருந்தால் அதை நீக்கிவிட்டு, வெட்டி விற்கப்படும் ஒட்டுப் பட்டையைப் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ஜி304 வயர்லெஸ் மவுஸ் அவ்வப்போது திக்குகிறது. பேட்டரி புதியது.

டாங்கிள், அதாவது மவுஸின் சிக்னலை வாங்கும் சிறு யூஎஸ்பி துண்டு, கணினியின் பின்புறம், நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் இருக்கிறதா? அந்தத் துளையும் அதில் செருகிய ஹார்ட் டிஸ்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கும் என்பதை இன்டெல் 2012இலேயே ஆய்வறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. நீட்டிப்பு கேபிளைப் பயன்படுத்தி, டாங்கிளை மவுஸ்பேடின் அருகிலேயே கொண்டுவந்து வையுங்கள். எடை உறுத்தினால் சாதாரண ஏஏ பேட்டரிக்குப் பதில் லித்தியம் ஏஏ போடுங்கள். ஏறக்குறைய 8 கிராம் குறையும்.

கேள்வி: 8,000 ஹெர்ட்ஸ் போலிங் ரேட் தேவையா?

1,000 ஹெர்ட்ஸில் ஒரு மில்லி வினாடிக்கு ஒருமுறை மவுஸ் கணினியிடம் பேசுகிறது. 8,000இல் அது 0.125 ஆகிறது, செயலியின் சுமையும் ஏறுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் இதைத் தேடிப் போக வேண்டாம்.

கேள்வி: நான் இடது கைப் பழக்கம் உள்ளவள். எல்லா மாதிரிகளும் வலது கைக்கே இருக்கின்றன.

ஜி502 உங்களுக்கு ஏற்றதல்ல. அதன் உடலே வலது கைக்கு வார்க்கப்பட்டது. 2018இன் லாஜிடெக் ஜி புரோ வயர்லெஸில் பக்கப் பொத்தான்களைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். 2019இன் முதல் ரேசர் வைப்பரில் இரு பக்கமும் பொத்தான்கள் உண்டு. பின்னர் வந்த வைப்பர்களில் வலப்பக்கப் பொத்தான்கள் இல்லாதவையும் இருப்பதால் படத்தைப் பார்த்து வாங்குங்கள். கட்டைவிரலுக்கு 12 பொத்தான்கள் வேண்டுமென்றால் ரேசர் நாகாவின் இடது கைப் பதிப்பு 2020இல் வெளிவந்தது.

கேள்வி: லினக்ஸில் அமைக்க முடியுமா?

முடியும். பைப்பர் என்ற செயலி லாஜிடெக்கின் பல மாதிரிகளுக்கு உதவுகிறது. ரேசருக்கு ஓபன்ரேசர் உண்டு.

கேள்வி: பழைய மவுஸ் ஒன்று பாதி விலைக்குக் கிடைக்கிறது ஐயா. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஒரு கோப்பைத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக இழுத்துப் பாருங்கள்; நழுவினால் விலையில் சுவிட்ச் மாற்றும் செலவைக் கழியுங்கள். சக்கரத்தை ஒரே திசையில் உருட்டும்போது பக்கம் எதிர்த்திசையில் துள்ளுகிறதா, கேபிள் மவுஸுக்குள் நுழையும் இடத்தில் வளைத்தால் இணைப்பு அறுகிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு மென்பொருளில் போட்டு, நினைவகத்தில் உள்ள எல்லாப் புரொஃபைல்களையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் வைத்த மேக்ரோ அதற்குள் அப்படியே இருக்கலாம். அது அவருடைய கடவுச்சொல்லாகக்கூட இருக்கலாம். உங்கள் பழைய மவுஸை விற்கும்போதும் இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள்.